பிள்ளைகள் கையால் செய்தால் அது 'பஞ்சப் பார்ட்டி' ஆகிவிடுமா?

எங்கள் திருகோணமலையில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு வீட்டிலேயே வைத்த பிறந்தநாள் பார்ட்டியின் படத்தைப் போட்டிருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே வந்த கருத்துகளை இங்கே இருக்கிற அனேகம் பேர் பார்த்திருப்பீர்கள். படத்தை நான் திரும்பப் போடப் போவதில்லை, பிள்ளையின் தாயே அதை எடுத்துவிட்டார். விறாந்தையில் பாய் விரித்து, மட்டைக் கிரீடம் வைத்த பிள்ளைகள் மாவு உருட்டிக்கொண்டு இருக்கிறார்கள், அவ்வளவுதான் படம். அதற்கு ஒருவர் "இது பேர்த்டேயா, நேர்சரி வகுப்பா?" என்று கேட்கிறார். இன்னொருவர் "வசதியில்லாட்டி வைக்காமல் விட்டிருக்கலாமே" என்கிறார். 'பஞ்சப் பார்ட்டி' என்ற நக்கலும் சிரிப்புக் குறிகளும் வேறு.

அந்தப் பார்ட்டியில் குறைவாகச் செலவானது காசு மட்டும்தான். யோசனையும் நேரமும் உழைப்பும் நிறையப் போயிருக்கின்றன. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அது படத்தைப் பார்த்தவுடனே விளங்கும்.

முதலில் பொம்மை செய்கிற உப்பு மாவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். கால் கிலோ மாவில் 10 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முட்டை அளவு உருண்டை வரும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கையில் ஒட்டும். பிறகு மா போட்டு மா போட்டு அளவே கெட்டுவிடும். கட்டி உப்பைப் போடுவதென்றால் முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துவிட வேணும், இல்லாவிட்டால் உருவத்தின் மேல் மணல் மாதிரி நெருடும், சின்ன விரல்களில் கீறும். கலரிங்கை மா குழைக்கும் தண்ணீரிலேயே கலக்க வேணும். பிசைந்த பிறகு விட்டால் மாவில் கோடு கோடாக நிற்கும், பிள்ளைகளின் கையிலும் சாயம் ஏறும். பீட்ரூட் சாறு முதலில் அழகாகத்தான் இருக்கும், வெயிலில் காயக் காய மங்கிப் போகும். மஞ்சளும் வெயிலில் மங்கும், சட்டையில் பட்டால் கறையும் பிடிக்கும். பத்து நிமிடமாவது பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்தால்தான் வெடிக்காது.

உருவம் அரை சென்ரிமீற்றருக்கு மேல் தடித்தால் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பிளந்துவிடும். கை, கால், காது என்று ஒட்டுகிற இடத்தில் ஒரு துளி தண்ணீர் தொட்டு அமர்த்த வேணும், சும்மா வைத்தால் காய்ந்ததும் கழன்று விழும். வெயிலில் இரண்டு மூன்று நாள், திருப்பித் திருப்பி வைக்க வேணும். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தை உப்பு இழுக்கும். நன்றாகக் காய்ந்த பொம்மையும் மார்கழி மழையில் வியர்த்து நனைந்துவிடும். அதனால் காய்ந்த பிறகு வார்னிஷ் ஒரு பூச்சு பூச வேணும், மழைக்காலப் பிறந்தநாளுக்கு இந்த மாவே வேண்டாம். வீட்டில் நாய், பூனை இருந்தால் மாவு அவற்றுக்கு எட்டக் கூடாது. அந்த அளவு உப்பு அவற்றுக்கு நஞ்சு.

இவ்வளவும் தெரிந்து செய்த ஒரு தாயைப் பார்த்து வசதியில்லை என்கிறீர்கள்.

கிரீடத்துக்கும் கணக்கு இருக்கிறது. கடையில் கிடைக்கும் பிறிஸ்டல் போர்ட் மட்டை ஏறத்தாழ 28 அங்குல நீளம், 22 அங்குல அகலம். நீளவாக்கில் 6 அங்குலப் பட்டியாக மூன்று வெட்டலாம். ஒவ்வொரு பட்டியையும் நடுவே பல்லுப் பல்லாக வெட்டினால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளம், ஒரே வெட்டில் இரண்டு கிரீடம். ஒரு போர்ட்டில் ஆறு பிள்ளைகளுக்குப் போதும். நாலு முதல் எட்டு வயது வரையான தலைக்கு 20, 21 அங்குலம் வரும், மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பின் அடிக்கலாம். ஸ்டேப்ளர் பின்னின் மடிந்த முனை வெளிப்பக்கம் வர வேணும், உள்ளே வந்தால் நெற்றியைக் கிழிக்கும்.

அலங்கரிக்க வெண்டிக்காய்க் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வாழை மட்டையை வெட்டினால் வலை மாதிரி அச்சு. வெட்டியவுடனே சாயத்தில் முக்கினால் வெண்டியின் வழுவழுப்பில் சாயம் வழுக்கிப் போகும், பூ குழம்பிவிடும். வெட்டிய முகத்தைத் துணியில் கவிழ்த்துப் பத்து நிமிடம் வைக்க வேணும். சாயத்தைத் தட்டில் ஊற்றாமல் ஸ்பொஞ்சில் ஊற வைத்துத் தொட வேணும். ஒட்டுகிற பைண்டர் கம் பசையை யோகட் கப்பில் ஒரு விரல் உயரத்துக்கு மேல் ஊற்றக் கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்து வைத்த பசை மேலே ஆடை கட்டிவிடும். தாள்களுக்கு மேல் கல் வைக்காவிட்டால் தாளும் கையில் இராது.

பிள்ளைகள் வரும்போது கிரீட வேலையில் இருத்த வேணும். நாலு மணி என்று சொன்னால் ஐந்து மணி வரைக்கும் வருகிற ஊர் இது. பிந்தி வந்த பிள்ளையும் நடுவில் சேரக்கூடிய வேலை கிரீடம். மாவு அப்படியில்லை, எல்லோரும் ஒன்றாகத் தொடங்க வேணும், கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே முடித்துவிட வேணும். கிரீம் ஒட்டிய கையோடு மாவு பிசைய முடியாது.

"பிள்ளையளுக்கு அலுக்கும், காத்தடைச்ச துள்ளுற பவுன்சர் வேணும், சவுண்ட் செட் வேணும்" என்று சொல்வீர்கள். ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கூட இருந்தால் அரை மணி நேரம் அசையாமல் இருப்பார்கள். அலுப்பது எப்போதென்றால், பெரியவர்கள் கையைப் பிடித்துத் தங்கள் விருப்பத்துக்குச் செய்ய வைக்கும்போது. யானை கேட்டால் யானைதான் வர வேண்டும் என்றில்லை, விட்டுவிடுங்கள். செய்ய விருப்பமில்லாத பிள்ளை இருந்தால் தண்ணீர் கப் கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள், கொஞ்ச நேரத்தில் தானே வந்து குந்தும்.

"வீடு குப்பையாகும்." ஆகும். பழைய பத்திரிகையை விரித்தால் சுருட்டி எறியலாம். வெடித்த பலூனும் பொலித்தீன் தோரணமும் குப்பையில்லையா? பொலித்தீனை அலங்காரத்துக்குப் பாவிப்பதை இலங்கையில் 2017இலேயே தடை செய்தாயிற்று. அதைப் பற்றி ஒருவரும் ஒரு படத்துக்குக் கீழேயும் எழுதியதில்லை.

"வாடகைக்கு விடுறவையின்ர பிழைப்பு?" நியாயமான கேள்வி. அவர்களைக் கூப்பிட முடிந்தவர்கள் கூப்பிடுங்கள், நான் மறிக்கவில்லை. கூப்பிடாதவரை ஏன் சந்தி சிரிக்க வைக்கிறீர்கள்?

"கடற்கரையில பொறுக்கிச் சிப்பி வேலையும் செய்திருக்கலாமே" என்று ஒருவர் புத்தி சொல்லியிருந்தார். வெறும் சிப்பி என்றால் சரி. நிலாவெளிக்கு முன்னால் கடலில் இருக்கிற புறாத்தீவில் இருந்து ஒன்றும் எடுக்க முடியாது, 2003இல் இருந்து அது தேசியப் பூங்கா. பவளத் துண்டு எங்கே கிடந்தாலும் தொடக் கூடாது. அதைவிடக் குருத்தோலை நல்லது. வெளிறிய இளம் ஓலையை ஈர்க்கு நீக்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பின்னேரம் வரை வளையும். முற்றிய ஓலை மடிப்பிலேயே முறியும். இரண்டு கீற்றை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றைக் கோர்த்து இழுத்தால் காற்றாடி. நடுவில் ஈர்க்கு தளர்வாகப் போக வேணும், இறுகினால் சுற்றாது. டச்சுக் குடாக் கடற்கரையில் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு அதன் விலை தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேணும். எங்கள் ஊர்ப் பார்ட்டிகளில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாக வருகிறார்கள். மைக் பிடித்து ஒரு மொழியில் நடத்தும் விளையாட்டில் சில பிள்ளைகள் மூலையில் விளங்காமல் நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறோம். மாவுக்கு முன்னால் அந்த மூலையே இல்லை. "இங்க தா" என்றால் கை நீட்டுவது எல்லோருக்கும் விளங்கும்.

2022ஐ மறந்துவிட்டோமா? தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்ட ஆண்டு அது. பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அந்த வரிசையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். அப்போது யாரும் யாரையும் வசதியில்லை என்று சொல்லிச் சிரிக்கவில்லை. இப்போது இரண்டு பேருக்குக் கை கொஞ்சம் நிமிர்ந்தவுடனே அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு விலை போடுகிறோம். கோபத்தைவிட எனக்கு மனவருத்தம்தான் கூட. அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்.

அளவு, நேரம், எந்த வயதுக்கு எது என்று கேட்க விரும்புகிறவர்கள் கீழே கேளுங்கோ, எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவேன். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வருவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கோ, மணி, பொத்தான், கத்தரிக்கோல் எல்லாம் எடுத்துவிட்டு வேறு ஒழுங்கு சொல்ல வேணும். அந்தத் தாயின் இணையப் பக்கத்தில் போய் இதை வைத்து வாதாட வேண்டாம். என்னோடு கதையுங்கோ.