1996 அரையிறுதி: இந்தியாவின் வெற்றி பறிக்கப்பட்டதா?

"வெல்லவிருந்த இந்தியாவிடமிருந்து ஆட்டத்தைப் பறித்து இலங்கைக்குக் கொடுத்தார்கள்" என்று 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதி பற்றி யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய்.

மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன். இலங்கை 251 ஓட்டங்கள். இந்தியா 1 விக்கெட்டுக்கு 98 என்று நன்றாகத்தான் இருந்தது. டெண்டுல்கர் 65 ஓட்டங்களில் ஸ்டம்பிங் ஆனதும் சரிவுதான்: 34.1 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 120. இன்னும் 95 பந்தில் 132 ஓட்டம் வேண்டும்.

அப்போதுதான் ரசிகர்கள் பக்கமிருந்து மைதானத்துக்குள் போத்தல்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் வீரர்களை வெளியே அழைத்து, அப்புறம் திரும்ப அனுப்பியும் பார்த்தார். எறி நிற்கவில்லை. அதன் பிறகே வெற்றி இலங்கைக்கு.

போத்தல் எறிந்தவர்களை இப்படி நல்லவர்களாக்குவது கோபம் வரவைக்கிறது. ஆட்டமிழக்காமல் நின்ற இந்திய வீரர் வினோத் காம்ப்ளி அழுதபடி வெளியேறினார். அந்தப் படத்தைத்தான் இப்போது 'அநியாயத்துக்கு'ச் சாட்சியாகப் பகிர்கிறார்கள்.