எந்த நட்சத்திரமானாலும் பரவாயில்லையாம்!

பேரம் பேசாதவன் விசேஷம் நடத்தப் போவதில்லை. பெங்களூரு அல்சூரில் பத்து வருடங்களாகக் கல்யாணம், காதுகுத்து, மணிவிழா என்று எடுத்து நடத்திக் கொடுக்கிற எனக்கு இந்தப் பாடத்தைக் கற்க 20,000 ரூபாய் செலவாயிற்று. வயிறு இன்னும் எரிகிறது.

ஒருவன் போனில் அழைத்தான். நல்ல தமிழ். ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருக்கிறானாம், இப்போது எல்லையில் பணியாம், அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டுமாம். அல்சூர்க்காரனிடம் சாப்பர்ஸ் என்றால் போதாதா? ஏரிப் பக்கம் அவர்களுடைய மையத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மரியாதையைத்தான் அந்தப் பாவி தூண்டிலில் புழுவாகக் கோத்தான். படைக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாள் கேட்டேன். மார்கழி என்றான். மார்கழியில் கல்யாணப் பேச்சே கிடையாது. ஆனால் அறுபதாம் கல்யாணம் பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தன்று செய்வது, அதனால் சரிதான் என்று நானே அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டேன். "அப்பாவுக்கு என்ன நட்சத்திரம்?" என்றேன்.

"எந்த நட்சத்திரமானாலும் பரவாயில்லை அண்ணா. உங்களுக்கு வசதியான நாளாகப் பாருங்கள்."

அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டாமா? பெற்ற அப்பனின் நட்சத்திரத்தை என் வசதிக்கு மாற்றித் தருகிறான்! நானோ, எவ்வளவு அனுசரணையான பிள்ளை என்று மெச்சினேன். மார்கழியில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும். அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

முந்நூறு பேர், இலைக்கு 450 ரூபாய் என்றேன். சரி என்றான். நாதஸ்வரம்? சரி. மேடைக்குப் பூ? சரி. உண்மையான வீட்டுக்காரர் இப்படியா பேசுவார்? இலைக்கு இருபது ரூபாய் குறை என்பார். பாயசம் ஒன்றா இரண்டா என்பார். வாசலில் கட்டும் வாழைமரம் கணக்கில் சேர்ந்ததா, மிச்சத் தேங்காய் யாருக்கு என்று குடைந்தெடுப்பார். அந்தக் குடைச்சல்தான் நாணயத்தின் அடையாளம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முன்பணம் 30,000 என்று பேச்சு. சற்று நேரத்தில், கணக்கில் 50,000 வரவு என்று குறுஞ்செய்தி. பின்னாலேயே அழைப்பு: "அண்ணா, அவசரத்தில் கூடுதலாகப் போட்டுவிட்டேன். நண்பன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், அந்த 20,000-ஐ உடனே அனுப்பிவிடுங்கள்." அனுப்பினேன். அந்தக் குறுஞ்செய்தி சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கிச் செய்தி என்றால் அனுப்புநர் இடத்தில் எழுத்துகள்தான் இருக்கும். கணக்கைத் திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. பார்க்கவில்லை.

அவன் அத்தோடு விட்டானா? ஒரு கியூஆர் கோடு அனுப்பி, இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை (PIN) போட்டால் இன்னும் கொஞ்சம் முன்பணம் உங்களுக்கு வரும் என்றான். அப்போதுதான் தூக்கம் கலைந்தது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றதால் மறுநாள்தான் அழைத்தேன். அதற்குள் பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் மோசடிக்கு 420-ஆம் பிரிவு போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு வந்திருக்கிறதாம். எண்தான் மாறியது, ஆள் இன்னும் அகப்படவில்லை. நடுவில் கே.ஆர். மார்க்கெட் பூக்காரருக்கும் நாதஸ்வரக் குழுவுக்கும் நான் கைக்காசில் கொடுத்த முன்பணம் தனிக் கதை. இத்தனைக்கும் மேல் என் மைத்துனர், "இவ்வளவு அனுபவம் இருந்தும் ஏமாறலாமா?" என்கிறார். ஏமாற்றியவனைக் கேட்க ஆளில்லை, ஏமாந்தவனுக்குத்தான் உபதேசம்!

நேரில் வருகிறவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. மேடை அலங்காரத்துக்கு நாலு மாதிரி வரையச் சொல்லி வாங்கிக்கொண்டு, அதையே வேறொருவரிடம் மலிவாகச் செய்துகொண்ட குடும்பம் உண்டு. நானூறு பேர் வழித்துச் சாப்பிட்டுப் போன பிறகு சாம்பாரில் உப்பில்லை என்று பாக்கியைப் பிடித்துக்கொண்டவர் உண்டு. அவர் கடைசியில் கொடுத்த காசோலையும் திரும்பி வந்தது. காசோலை திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் நோட்டீஸ், அதற்குமேல் அவருக்கு 15 நாள் அவகாசம், பிறகு வழக்கு. விழாவோ ஒரே நாளில் முடிந்துவிட்டது.

இப்போது யார் வந்தாலும் ஆதார் கேட்கிறேன். முன்பணம் என் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்க்காமல் பூக்காரருக்குப் போன் செய்வதில்லை. நேற்று மர்பி டவுனிலிருந்து ஓர் அம்மா, பேத்தியின் காதுகுத்துக்கு வந்தார். இலை ரேட்டுக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார். தலைவாழை இலையா, துண்டு இலையா என்று கேட்டார். பேத்தியின் நட்சத்திரத்தைப் பாதத்தோடு சொன்னார். எல்லாம் பேசி முடித்து ஆதாரைக் கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

"நான் என்ன திருடியா, தம்பி?" என்றார். அட்டையை மேசைமேல் வைத்தார். எனக்கு அதை எடுத்துப் பார்க்கக் கை வரவில்லை.