தோற்பதற்கும் நேரம் கொடுங்கள்

ஆண்கள் கால்பந்து அணிக்கு ஒரு பெண் பயிற்சியாளர் என்று செய்தி வந்தாலே போதும், "ஆண்கள் ஆட்டத்தை ஆடாதவருக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்க ஆள் வந்துவிடுகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது. இத்தாலியப் பயிற்சியாளர் அரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. அவர்தான் ஏசி மிலான் கிளப்புக்கு 1989, 1990 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார்.

சரி, பிரான்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். 2014 மே மாதம் இரண்டாம் டிவிஷன் கிளப்பான கிளெர்மோன், போர்ச்சுகலைச் சேர்ந்த எலேனா கோஸ்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. ஊர் உலகமெல்லாம் செய்தி. சீசன் தொடங்கும் முன்பே அவர் விலகிவிட்டார். தன்னைக் கேட்காமல் ஆட்டக்காரர்களை எடுக்கிறார்கள், நட்பு ஆட்டங்களை முடிவு செய்கிறார்கள், மெயில் போட்டால் பதில் இல்லை என்றார். பதவி அவருக்கு, முடிவு வேறு யாருக்கோ.

அந்த இடத்துக்கு வந்தவர் கொரீன் தியாக்ர். பிரான்ஸ் பெண்கள் அணிக்காக 121 ஆட்டங்கள் ஆடியவர். முதல் லீக் ஆட்டம் பிரெஸ்ட் ஊரில். எதிரணிப் பயிற்சியாளர் ஒரு பூங்கொத்தை நீட்டி வரவேற்றார். நல்ல மனதோடு செய்ததுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வரும் ஆண் பயிற்சியாளரிடம் கை குலுக்கிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தச் சாதாரணக் கைகுலுக்கல்தான் உண்மையான மரியாதை என்று நினைக்கிறேன்.

அன்று கிளெர்மோன் 2-1 என்று தோற்றது. ஆனாலும் கிளப் பதறவில்லை. மூன்று சீசன் அவரையே வைத்திருந்தது. இரண்டாவது சீசனில் அணி 7ஆம் இடத்துக்கு வந்தது. 2017இல் பிரான்ஸ் பெண்கள் தேசிய அணி அழைத்ததால்தான் போனார். அங்கே அவருக்குப் பிறகு 2023இல் வந்தவர் எர்வே ரெனார் என்ற ஆண். பெண்கள் ஆட்டம் இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது ஏன் யாரும் கூச்சல் போடவில்லை?

இங்கிலாந்தில் ஹன்னா டிங்லிக்கு இந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2023 ஜூலையில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கிளப்பின் ஆண்கள் அணிக்குத் தற்காலிகப் பொறுப்பு, இரண்டே வாரம், அப்புறம் நிரந்தர இடத்துக்கு ஓர் ஆண். கிளப்பின் அகாடமியையே, அதாவது இளையோர் பயிற்சிப் பிரிவையே, நடத்தி வந்தவர் டிங்லி. ஒரு லீக் ஆட்டத்திலாவது அவரைப் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் கிளப் வேறு மாதிரி நடந்துகொண்டது. அங்கே இளையோர் அணிகளைப் பழக்கிய சபரீனா விட்மன், 2024 மே மாதம் ஆண்கள் அணியின் இடைக்காலப் பொறுப்புக்கு வந்தார். அடுத்த மாதமே கிளப் அவரை நிரந்தரமாக்கியது.