ஆன்மாவைக் கேட்காதீர்கள், அடுத்த மூன்று இருபதைக் கேளுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை ஆடும் மேசை ஆட்டத்தில் ஆன்மாவைப் போல மலிவான சரக்கு வேறு இல்லை. பத்து தங்கக்காசு கேட்டால் பேரம் பேசுவார்கள். மந்திர வாளைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். நரகத்திலிருந்து வந்த டெவில் ஒருவன் "உன் ஆன்மாவைக் கொடு, வேண்டிய சக்தியைத் தருகிறேன்" என்றால் மட்டும், "சரி, எங்கே கையெழுத்துப் போடணும்?" என்கிறார்கள்.

ஆடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்கு சரிதான். ஆன்மாவுக்கான பில் வருவது கதாபாத்திரம் செத்த பிறகு. பெரும்பாலான கேம்பெய்ன்கள், அதாவது பல அமர்வுகளாகத் தொடரும் கதைகள், அதுவரை ஓடுவதே இல்லை. யாருக்காவது வேறு ஊரில் வேலை கிடைக்கும், யாருக்காவது குழந்தை பிறக்கும், ஆட்டம் பாதியில் நின்றுவிடும். டெவில் வசூலுக்கு வரும்போது எல்லாரும் புது கேரக்டர் ஷீட்டோடு (கதாபாத்திரத்தின் விவரத்தாள்) வேறு கதையில் இருப்பார்கள். இந்த வியாபாரத்தில் ஏமாளி டெவில்தான்.

விதிப்புத்தகமும் இதற்கு உடந்தை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், தீய சக்தியோடு ஒப்பந்தம் போட்ட வார்லாக் என்ற மந்திரவாதிக்கு முதல் லெவலிலேயே பரிசு உண்டு: எதிரி ஒருவனை வீழ்த்தும் போதெல்லாம் தற்காலிக ஹிட் பாயிண்ட், அதாவது கூடுதல் உயிர்ப்புள்ளி. 14ஆம் லெவலில் எதிரியை ஒரு கணம் நரகத்துக்குள் தூக்கி வீசி எடுக்கலாம், பத்துமுகப் பகடை பத்தை உருட்டிச் சேதம் போடலாம். வரவுப் பக்கம் இவ்வளவு துல்லியம். செலவுப் பக்கத்தில் ஒரு எண்கூட இல்லை. ஆட்டத்தை நடத்தும் டிஎம்மோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று நழுவிவிடுகிறது. இதற்கு முன் 2006இல் நரகத்துக்கென்றே வந்த ஒரு புத்தகம், கெட்ட செயல்களுக்குப் புள்ளி போட்டு, எத்தனை சேர்ந்தால் நரகம் என்று கணக்கு வைத்தது. கொஞ்சம் ஆடிட்டர் வேலைதான். ஆனாலும் விலை என்று ஒன்று இருப்பதையாவது அது ஒப்புக்கொண்டது.

1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லிப் பெரிய கூச்சல் நடந்தது. அதன் பலனாக 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் டெவில், டீமன் என்ற பெயர்களையே நீக்கினார்கள். 1991இல் அதே டெவில்களும் டீமன்களும் பாடேசு, டனாரி என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அன்று பயந்தவர்கள் நினைத்த அளவில் பாதி கனமாவது இன்று ஆன்மா விற்பனைக்கு இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

கனம் சேர்க்க விதிகளிலேயே ஒரு பிடி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இந்த உலகத்தில் சாவு ஒரு செலவு, அவ்வளவுதான். 500 தங்கக்காசு பெறுமானமுள்ள ஒரு வைரம், ஒன்பதாம் லெவல் கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பூசாரி) ஒருவர், செத்துப் பத்து நாள் தாண்டாமல் இருக்க வேண்டும். இவை இருந்தால் ரெய்ஸ் டெட் மந்திரத்தில் ஆள் எழுந்து உட்காருவான். ஆனால் 2014 விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆன்மா திரும்பிவர விரும்ப வேண்டும், திரும்பிவரும் சுதந்திரமும் அதற்கு இருக்க வேண்டும். விற்ற ஆன்மாவுக்கு அந்தச் சுதந்திரம் ஏது? அதாவது, கூட்டத்தில் எல்லாருக்கும் சாவு ஒரு வைரத்தின் விலை. கையெழுத்துப் போட்டவனுக்கு மட்டும் சாவு சாவேதான். இதை ஒப்பந்தத்தின் முதல் வரியாகவே எழுதிக் காட்டுங்கள். அதுவரை முன்வரிசையில் குதித்துக்கொண்டிருந்தவர் அடுத்த சண்டையில் தூண் மறைவைத் தேடுவார்.

பில் சரியான நேரத்துக்கு வந்து சேரும் கதை என்று நான் மதிப்பது, நரகத்தின் முதல் அடுக்கான அவெர்னஸ் பற்றி 2019இல் வந்த கேம்பெய்ன் புத்தகம். (ஆடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) எல்டுரெல் நகரத்தை நடைபிணங்கள் சூழ்ந்தபோது, இரவிலும் மறையாத ஒரு இரண்டாம் சூரியன் வானத்தில் தோன்றிக் காப்பாற்றுகிறது. ஊரே அதைத் தெய்வச் செயல் என்று கும்பிடுகிறது. உண்மையில் அது ஸாரியல் என்ற நரகத் தலைவியிடம் தாவியஸ் க்ரீக் என்பவன் வாங்கியது. ஐம்பது வருடம் கழித்து அந்த நகரமும், அதைக் காப்பதாகச் சத்தியம் செய்தவர்களும் அவளுக்குச் சொந்தம். அவன் விற்றது ஊராரை. கெடு முடிந்த அன்று நகரம் அப்படியே நரகத்துக்குள் இழுக்கப்படுகிறது. ஆட்டம் அங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது.

அதே புத்தகத்தில் ஆன்மாவை நாணயமாக அடித்து வைத்திருப்பார்கள், சோல் காயின். நரகத்துப் போர் வண்டிகளுக்கு அதுதான் எரிபொருள். உலையில் போட்டால் வண்டி ஓடும், ஆன்மா அழியும். நாணயத்தைக் கையில் பிடித்து உள்ளே இருப்பவரிடம் கேள்வியும் கேட்கலாம். சொந்த ஆன்மாவைச் சிரித்துக்கொண்டே விற்கிறவர்கள்கூட, பதில் சொன்ன ஒரு நாணயத்தை உலையில் போடத் தயங்குவார்கள். மற்றவர் ஆன்மா ஒரு குரலாக மேசைக்கு வந்துவிடுகிறது. தன் ஆன்மா கடைசிவரை ஷீட்டில் ஒரு வரிதான்.

சில டிஎம்கள் கனம் சேர்க்கிறேன் என்று வேறு வழியில் போவார்கள். பொடி எழுத்தில் ஒரு கண்ணி வைத்து, "நீ இதைக் கவனிக்கவில்லையே" என்று மடக்குவது. எனக்கு இது அறவே பிடிக்காது. இரணியன் கதை கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு ஓட்டை தேடுவது ரத்தத்திலேயே இருக்கிறது. பகலும் இல்லை, இரவும் இல்லை, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்று தொடங்கிவிடுவார்கள். அப்புறம் அது வக்கீல்கள் இருவரின் வழக்கு, ஆட்டம் இல்லை. டெவில்கள் இந்த உலகத்தில் ஒழுங்கு மாறாத தீமை. சொல் தவறுவதும் கண்டபடி கிழித்தெறிவதும் அபிஸ் என்ற வேறொரு பாதாளத்தில் இருக்கும் டீமன்களின் பாணி. ஒப்பந்தத்தைத் தெளிவாக, பெரிய எழுத்தில், ஓட்டை இல்லாமல் கொடுங்கள். சொன்னதை அப்படியே செய்கிற டெவில்தான் பயங்கரம்.

விலையை மட்டும் மாற்றுங்கள். ஆடுகிறவர் கையில் இப்போது இருப்பது எதுவோ அதைக் கேளுங்கள். என் மேசையில் டெவில் கேட்டது ஆன்மாவை அல்ல, அடுத்த மூன்று இயற்கை இருபதை. இருபதுமுகப் பகடையில் ஆகப் பெரிய எண்ணான 20 விழுந்தால் அது டெவிலுக்கு. ஒரு சீட்டில் குறித்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி உருட்ட வேண்டும். சேர்த்த இருபதுகளை அவன் எங்கே வேண்டுமானாலும் செலவழிக்கலாம். ஆடுகிறவர்களுக்கு எதிராகவும்தான். இதைக் கேட்டதும் அந்த வார்லாக் ஆடிய நண்பர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். ஆன்மாவுக்கு ஒரு நொடிகூட யோசிக்காதவர், இதற்குத் தேநீர் இடைவேளை கேட்டார்.

முன்கூட்டி ஒப்புதல் வாங்காமல் இதைச் செய்யக் கூடாது. இப்படி ஒரு விலை வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத்தைக் காரணம் காட்டிக் கதாபாத்திரத்தையே பிடுங்கி டிஎம் தன் பொம்மையாக்கிக்கொள்வதும் வேண்டாம், அது திருட்டு. புதிதாக ஆட வந்தவரிடமும் இருபதைக் கேட்காதீர்கள், பாவம், அவருக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் அது. ஒரே மாலையில் முடிகிற ஒன்-ஷாட் ஆட்டம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அங்கே எல்லாரும் தாராளமாக ஆன்மாவை விற்கட்டும், நானே பேனா தருகிறேன்.