ஆறரை சிஜிபிஏ வைத்துக்கொண்டு மேல்படிப்பு

குறைந்த சிஜிபிஏ, அதாவது பத்துக்குக் கணக்கிடும் மொத்தச் சராசரி மதிப்பெண், வாங்கிய பிள்ளைகளைப் பயமுறுத்திப் பணம் பார்ப்பது சென்னையில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. “உன் மார்க்குக்கு எங்கேயும் கிடைக்காது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லி, யாரும் கேள்விப்படாத கல்லூரிகளின் பட்டியலை நீட்டுகிறார்கள். ஓஎம்ஆர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. எந்தக் கதவைத் தட்டுவது என்பது மட்டும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஜெர்மனி என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். அங்கே 1 உச்சம், 4 வெறும் தேர்ச்சி. நம் பத்தில் 5 தேர்ச்சி என்று வைத்தால், 7.5 வாங்கியவருக்கு 2.5 வரும், 6.5 வாங்கியவருக்கு 3.1. பல படிப்புகள் 2.5-இல் கோடு போட்டிருக்கின்றன. உங்கள் எண் அதைவிடக் கூடிவிட்டால், எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதும் விண்ணப்பக் கட்டுரை) எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் படிக்கப் போவதில்லை. நம் கல்விச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 4-க்கு 3 என்பது பல இடங்களில் குறைந்தபட்சம். ஆனால் துறை பரிந்துரைத்தால் விலக்கு தரும் பல்கலைக்கழகங்களும், கடைசி இரண்டு வருட மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்கும் பல்கலைக்கழகங்களும் அங்கே உண்டு.

சரி, வெளிநாட்டை விடுங்கள். நம் ஊரிலேயே இருப்பதை ஏன் யாரும் இவர்களிடம் சொல்வதில்லை? பொறியியல் மேல்படிப்புக்கு நாடு முழுக்க நடக்கும் கேட் தேர்வை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். அண்ணா பல்கலைக்கழகம் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு 2023 முதல் சீட்டா என்ற நுழைவுத் தேர்வை நடத்துகிறது. அடிப்படைத் தகுதி இருந்தால் போதும், ரேங்கைத் தீர்மானிப்பது தேர்வுதான். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வுதான் முக்கியம். கணக்கு நன்றாக வரும், ஆனால் செமஸ்டர் பரீட்சையில் சறுக்கிய பிள்ளைகளுக்கு இதைவிட நியாயமான இடம் எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் ஒரு மாணவி மார்க்‌ஷீட்டுகளை என் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். முதல் வருடம் எம் ஒன், எம் டூ என்ற கணக்குப் பாடங்கள் இரண்டிலும் ஆர்ஏ, அதாவது ஃபெயில். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவள், வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவே ஒரு வருடம் ஆகியிருக்கிறது. ஐந்தாம் செமஸ்டரில் ஏழைத் தாண்டி, கடைசி இரண்டில் எட்டுக்கு மேல். மொத்தம் 6.6. யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த எஸ்ஓபியில் ஒன்றரைப் பக்கம் வருத்தம் தெரிவிப்பதிலேயே போயிருந்தது. சிக்னல் பிராசஸிங் லேபில் ஈசிஜி அலையிலிருந்து இரைச்சலை எடுக்க அவள் மாதக்கணக்கில் போராடியது பற்றி ஒரு வரிகூட இல்லை! முதல் வருடத்தைப் பற்றி இரண்டு வரி போதும், மீதி முழுக்க அந்த லேபைப் பற்றி எழுது என்றேன். எழுதினாள். எந்த ஃபில்டர் ஏன் வேலை செய்யவில்லை, பிறகு எதை மாற்றினாள் என்பதெல்லாம் அதில் இருந்தது. படிக்கிறவருக்கு இந்தப் பெண்ணால் ஆராய்ச்சி செய்ய முடியும் என்று தெரிந்துவிடும். சேர்க்கைக் குழுவுக்கும் வேண்டியது அதுதானே?

அப்புறம், அரியர் இருந்ததை மறைக்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்டில் எப்படியும் தெரியும். பரிந்துரைக் கடிதத்துக்கு எச்ஓடி என்ற துறைத் தலைவர் பதவியைத் தேடிப் போவதைவிட, நீங்கள் தடுமாறியதையும் எழுந்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுக்காதீர்கள். ஒன்பது சிஜிபிஏ வாங்கிய பிள்ளை அந்தக் கடிதத்தை வைத்துத் தப்பித்துவிடும். ஆறரை வாங்கிய பிள்ளைக்கு நீங்கள் உட்கார்ந்து எழுதும் அந்த ஒரு பக்கம்தான் துணை. தயவுசெய்து நேரம் ஒதுக்கி எழுதிக் கொடுங்கள்.