ஏக்கருக்கு 6,000 இல்லைங்க, குடும்பத்துக்கு 6,000

அண்ணா, "பி.எம். கிசான்ல ஏக்கருக்கு 6,000, நூறு ஏக்கர் எஸ்டேட் கம்பெனிக்கு ஆறு லட்சம்"னு போட்டிருக்கீங்க. கணக்கே தப்பு. பி.எம். கிசான்னா விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு தர்ற உதவிப் பணம். 6,000 ஒரு குடும்பத்துக்கு, அதுவும் வருஷத்துக்கு. 2,000 வீதம் மூணு தவணையா வரும். அரை ஏக்கர் வச்சிருந்தாலும் பத்து ஏக்கர் வச்சிருந்தாலும் அதேதான். கம்பெனி பேர்ல இருக்கிற நிலத்துக்குக் கிடையவே கிடையாது. வருமான வரி கட்டுறவங்களுக்கும் இல்ல.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். ஆரம்பத்துல இருந்த 2 ஹெக்டேர் உச்சவரம்பை 2019 ஜூன்ல எடுத்துட்டாங்க. அதனால பெரிய பட்டாதாரர் யாருக்குமே வராதுன்னு நானும் சொல்ல மாட்டேன்.

உண்மையில விடுபடுறவங்க வேற ஆளுங்க. கூடலூர் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்துல தலைமுறையா பாடுபடுறவங்க கையில பட்டா இல்ல. பழைய நிலக்கிழாருங்க (ஜென்மி) எஸ்டேட்டுகளை ஒழிச்ச 1969 ஜென்மச் சட்டத்தோட 17-வது பிரிவுல வர்ற நிலம் அது, அந்த இழுபறி இன்னும் முடியல. பட்டா இல்லேன்னா பணமும் இல்ல. கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவங்களுக்கும் அதே கதி.

எங்கம்மாவுக்கு கோத்தகிரி பக்கம் 60 சென்ட் தேயிலை. இந்தப் பணத்துக்காக கேஒய்சி (ஆதாரை வச்சு ஆளைச் சரிபார்க்கிறது) பண்ணப் போனா மெஷின் ரேகையை எடுக்கல. கொழுந்து பறிச்சே தேஞ்ச விரல், கறை வேற. எலுமிச்சை தேய்ச்சுக் கழுவியும் பச்சை விளக்கு எரியல. கடைசியில ஆதார்ல போன் நம்பரை மாத்தி, ஓடிபி போட்டுத்தான் முடிச்சோம். அதுக்குள்ள ஒரு தவணை நின்னுபோச்சு.

அந்த எஸ்டேட் கணக்கைப் பதிவுல திருத்திடுங்க, ஏற்கெனவே நாலு வாட்ஸ்அப் குரூப்ல சுத்துது.