24 வயதில் முதல் நோட்டு

இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலாவை ஒட்டி, திபெத்திய அகதிகள் வாழும் மெக்லியோட் கஞ்சில் சாயங்காலம் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்புகள் நடக்கும். வெளியூர்க்காரர் யாரும் போய் உட்காரலாம், ஒரு திபெத்தியரோடு ஒரு மணி நேரம் பேச வைப்பார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு 24 வயது. திபெத்தின் வடகிழக்கில் உள்ள ஆம்தோவில் யாக் மேய்த்தவர், பள்ளிக்கூடம் போனதே இல்லை, திபெத்திய எழுத்தையே இங்கே வந்துதான் கற்றாராம். நோட்டின் ஒரு பக்கம் முழுக்க ஸ்பூன், பிளேட், சிங்க் என்று ஆங்கிலத்தில் கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தார். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார், அங்கே காதில் விழுவதுதான் பாடம்.

திபெத்தை விட்டு சின்ன வயதில் வந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1960-ல் 51 பிள்ளைகளோடு தொடங்கிய திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்ற விடுதிப் பள்ளி எத்தனையோ பேரை ஆளாக்கியிருக்கிறது. 18 முதல் 30 வயதுக்காரர்களுக்கென்று தர்மசாலா அருகே ஷெரப் கட்செல் லோப்லிங் பள்ளியும் உண்டு. சரி, அதை முடித்துவிட்டு வெளியே வந்தால்? கர்நாடகாவின் பைலகுப்பே மாதிரி பழைய குடியிருப்புக் குடும்பங்களுக்கு நிலமோ, குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கு வந்து ஸ்வெட்டர் விற்கும் வியாபாரமோ இருக்கிறது. நேற்று வந்தவருக்கு முதலும் இல்லை, சொந்தமும் இல்லை.

தொழில் பயிற்சி என்றதும் தங்கா என்ற துணி ஓவியமும் கம்பளமும்தான் பேச்சில் வருகின்றன. அவை காப்பாற்ற வேண்டிய கலைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தங்கா கைவர வருடக்கணக்கில் ஆகும், வாடகை அடுத்த மாதமே கட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன், பிளம்பிங், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று உடனே கைக்குக் காசு வரும் தொழில்களைச் சொல்லித்தர வேண்டும், அதையும் அவர்களுக்குப் புரியும் பேச்சில். ஆம்தோக்காரருக்கு தர்மசாலாவில் புழங்கும் திபெத்தியப் பேச்சே முதலில் பிடிபடாது, அப்புறம் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? கூடவே இந்தியும் வேண்டும், வீட்டுக்காரரிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் அதுதானே பேச வேண்டியிருக்கிறது.

2008-க்கு முன்பு திபெத்திலிருந்து வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வந்தார்கள். எல்லையில் கெடுபிடி கூடிய பிறகு குறைந்துகொண்டே போய், இப்போது நூறு பேர்கூட வருவதில்லை. ஆளே வராதபோது வகுப்பறை எதற்கு, பட்டறை எதற்கு என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இத்தனை குறைவான பேர் என்றால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன தெரியும், என்ன வேலை பிடிக்கும் என்று கேட்டே பயிற்சி கொடுக்கலாமே!

என் எதிரே உட்கார்ந்த அந்த ஆம்தோக்காரருக்கு ஒயரிங் வேலை கற்றுக்கொள்ள ஆசை. எங்கள் ஊர் ஐடிஐயில் தமிழிலேயே படித்து எலக்ட்ரீஷியன் ஆகலாம் என்று சொன்னேன். எத்தனை வருடம் என்று கேட்டார். இரண்டு என்றேன். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.